மண் தந்ததும் மன்றம் புதைத்ததும்

விடுமுறை நாளில் உழுத வயலொன்றில் கூடி, நுனியில் வட்டமான கம்பிச்சுருள் பொருத்திய கோலை நிலத்தின்மேல் இடமும் வலமுமாக வீசிக்கொண்டு நடந்து, காதில் ஒலி கேட்ட இடத்தைக் கிளறி, போட்டி நடத்துவோர் முன்னதாகவே புதைத்துவைத்த வில்லைகளுள் அதிகமானவற்றைத் தேடி எடுத்தவர் எவரோ அவருக்குப் பரிசளிப்பது, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல்லாண்டுகளாக மன்றங்கள் நடத்திவரும் ஒரு வினோதம். நம் பக்கத்தில் அது இன்னும் வேரூன்றவில்லை. ஆயினும் மெட்டல் டிடெக்டர் என்னும் அந்தக் கருவி இப்போது இணையக் கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்கு வீடு தேடி வந்துவிடுகிறபடியால், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோவிந்தாபுரம் என்று பாலக்காட்டு எல்லையில் வாழும் இளைஞர்களுக்கும், மறையூர், காந்தளூர், உடும்பஞ்சோலை முதலிய இடுக்கி மலைப்பிரதேசத்துத் தமிழர்களுக்கும் அந்த ஆசை எழுவதற்கு வெகுகாலம் ஆகாது. விளையாட்டு என்ற அளவில் அதில் யாதொரு தோஷமும் இல்லை. மன்றம் புதைத்த வில்லையைத் தேடுகையில், மன்றம் புதைக்காத ஒன்று கையில் அகப்பட்டுவிட்டால் என்ன செய்வது என்பதைத்தான் கோலைத் தூக்குமுன் அறிந்துகொள்ள வேண்டும்.

அப்படி அகப்படுவதற்கு இந்தப் பூமியில் இடம் நிறைய உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை தன் நெடுஞ்சுவரில் விட்டுவைத்த பெரிய வாயிலாகிய பாலக்காட்டுக் கணவாயின் வழியாகத்தான், மேலைக் கடற்கரையில் இறங்கிய ரோமானிய வெள்ளியும் பொன்னும் கொங்கு நாட்டுக்குள் புகுந்தன என்று சரித்திர ஆசிரியர்கள் கருதுகிறார்கள். பொள்ளாச்சியில் 1800-லும், கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842, 1891, 1931 ஆகிய ஆண்டுகளிலும், கணவாய்க்கு மேற்கே திருச்சூர் ஜில்லாவின் எய்யாலில் 1945-லும் ரோமானியக் காசுக் குவியல்கள் வெளிப்பட்டன. பிற்காலத்துப் பொருள்களும் கிடைக்கக்கூடும். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியதாய், அரைக் கிராம் எடைகூடத் தேறாத வீரராயன் பணம் என்னும் மலையாளத்துப் பொற்காசு, செம்மண் கட்டிக்குள் ஒளிந்துகொண்டால் கண்ணுக்குத் தென்படவே தென்படாது. மறையூரைச் சூழ்ந்த அஞ்சுநாட்டிலோ, நாற்புறமும் பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு பெருங்கல்லை மூடியாக வைத்த முனியறைகள் பாறைச் சரிவுகளில் இன்றும் நிற்கின்றன. அவற்றுள் பல, பொன் இருக்கும் என்று நம்பித் தோண்டியவர்களால் சிதைக்கப்பட்டுவிட்டன. பெருங்கற்காலத்து ஈமக்குழிகளில் பொதுவாகக் கிடைப்பவை கறுப்புச் சிவப்புப் பானைகள், துருவேறிய இரும்புக் கருவிகள், சில மணிகள் என்பதை அந்தப் புண்ணியவான்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

பொருளைக் களவாடுவதோடு இந்தச் சேதம் தீர்ந்துவிடுவதில்லை. ஒரு காசு எந்த அடுக்கில், எந்தப் பானையோடு, எத்தனை காசுகளோடு கிடந்தது என்பதே அதன் சரித்திரம். கண்ணூரை அடுத்த கோட்டயத்தில் 1847-இல் பொற்காசுகள் ஏராளமாக வெளிப்பட்டபோது, அவை கைமாறிக் கைமாறிச் சிதறிப்போயின. குவியல் முழுவதும் எவ்வளவு, எந்தெந்தச் சக்கரவர்த்தியின் காசு எத்தனை என்ற கணக்கு இன்றைக்கும் சரிவரக் கிடைக்கவில்லை. தட்டானின் உலையில் இறங்கிய காசு, பிறகு எந்தப் பண்டிதரிடமும் வாய் திறக்காது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டில், 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணிலோ மண்ணோடு சேர்ந்த ஒன்றிலோ மறைந்துகிடந்த, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும், இன்ன பொருள், ஏறக்குறைய இன்ன மதிப்பு, இன்ன இடம், இன்ன தேதி என்று கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவித்து, பொருளை அருகிலுள்ள கருவூலத்தில் ஒப்படைக்கவோ அல்லது அதற்கு ஜாமீன் கொடுக்கவோ வேண்டும் என்பது அதன் கட்டளை. கலெக்டர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோருவோர் நான்கு மாதத்திற்குக் குறையாமலும் ஆறு மாதத்திற்கு மேற்படாமலும் குறித்த ஒரு நாளில் வருமாறு அழைப்பார். நூறாண்டுக்குள் தாமோ தம் முன்னோரோ புதைத்தது என்று ஒருவரும் நிலைநாட்டாவிட்டால் அது உரிமையாளரற்ற பொருளாகும். அப்போது கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் வேறு உடன்பாடு இல்லையேல், முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கும் கால் பங்கு நிலத்துக்காரருக்கும் சேரும். சர்க்கார் தனக்கு வேண்டுமென்று எடுத்துக்கொண்டால், உலோகத்தின் விலையோடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தாக வேண்டும். மறைத்தவருக்கோ பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ வரும். உடந்தையாயிருந்த நிலத்துக்காரருக்கும் ஆறு மாதம் வரை தண்டனை உண்டு. வாளையாரையோ போடிமெட்டையோ தாண்டி இந்தப் பக்கம் வந்தால், கேரளத்திற்கென்று இயற்றப்பட்ட 1968-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் ஆள்கிறது. கலெக்டரிடம் தெரிவிக்கவேண்டிய கடமை இங்கும் உண்டு. பங்கு முதலிய விவரங்களுக்கு அந்தச் சட்டத்தின் வாசகத்தையே பார்த்துக்கொள்ள வேண்டும், எல்லைக்கு அப்பாலுள்ள உறவினர் சொன்னதை நம்பிவிடலாகாது. பட்டயம் இன்னும் கைக்கு வராத மலைநிலங்களிலும், எஸ்டேட் கம்பெனிகளின் பூமியிலும், நிலத்துக்காரர் யார் என்பதே ஒரு வழக்காக முளைக்கக்கூடும் என்பது இடுக்கிக்கே உரிய விசேஷம்.

‘தெரிவித்தால் சர்க்கார் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளும்’ என்ற பயமே மக்களைத் திருடர்களாக்குகிறது என்பது என் அபிப்பிராயம். உண்மையில் தெரிவித்தவர்களுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2024 ஜூலையில் கண்ணூர் ஜில்லா செங்களாயியில் வேலையுறுதித் திட்டத்துப் பெண்கள் ரப்பர்த் தோட்டத்தில் மழைநீர்க்குழி வெட்டுகையில் ஒரு பாத்திரம் தட்டுப்பட, வெடிகுண்டோ என்று முதலில் அஞ்சி, பிறகு உள்ளே பொன் பதக்கங்களும் முத்துகளும் வெள்ளிக் காசுகளும் இருக்கக் கண்டு, பஞ்சாயத்து வழியாகப் போலீசாரிடம் ஒப்படைத்தார்கள். வெனிஸ் நகரத்துப் பொற்காசுகளும் வீரராயன் பணமும் அதில் இருந்ததைத் தொல்லியல் துறையினரால் அறிய முடிந்ததற்கு, அந்தக் கூலிக்காரப் பெண்கள் ஒன்றையும் ஒளிக்காமல் கொடுத்ததே காரணம். திருவனந்தபுரம் ஜில்லாவில் 2018-இல் தம் நிலத்தைத் தோண்டியவர் ஒருவருக்குத் திருவிதாங்கூர்ச் செப்புக் காசுகள் இரண்டாயிரத்து ஐந்நூற்றுக்கு மேல் ஒரே பானையில் கிடைத்தன. அவரும் தாமே முன்வந்து தெரிவித்தார். மாறாக, இங்கிலாந்தில் லெம்ஸ்டர் என்னும் ஊருக்கு அருகே 2015-இல் பெருங்குவியலொன்றைக் கண்டெடுத்து அறிவிக்காமல் விற்ற இருவருக்கு, 2019-இல் பத்தாண்டும் எட்டரை ஆண்டுமாகச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பொழுதுபோக்கின் தாயகத்திலேயே இப்படி! முறைப்படி அறிவித்திருந்தால் பரிசுத் தொகையில் அவர்களுக்கும் கணிசமான பங்கு வந்திருக்கக்கூடும்.

புதையல் சட்டத்தோடு விஷயம் முடிவதில்லை. நூறாண்டு கடந்த பொருள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்திற்குள் வருகிறது. உரிமமின்றி அதில் வியாபாரம் செய்வது குற்றம், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பினால் ஆறு மாதத்திலிருந்து மூன்றாண்டு வரை சிறை. 1766-இல் ஹைதர் அலி கட்டிய பாலக்காட்டுக் கோட்டையைப் போன்ற மத்திய அரசின் பாதுகாப்புச் சின்னங்களில், 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியின்றி ஒரு கைப்பிடி மண்ணைக் கிளறவும் கூடாது. காட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. சின்னார், இரவிகுளம், பறம்பிக்குளம் ஆகியவற்றில் அனுமதியின்றி நுழைவதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மறையூரிலோ சந்தனமரத்தின் வேர்கூட விலைபோவதால், கடப்பாரையோடு இருட்டில் நிற்பவரை வனக்காவலர் சந்தனத் திருடராகவே கொள்வார். ரோமாபுரிச் சரித்திரத்தை அவரிடம் விளக்கிப் பயனில்லை.

உடலுக்கு வரும் அபாயங்களும் உண்டு. காட்டுப்பன்றிக்காக வைக்கும் பன்றிப்படக்கம் என்னும் நாட்டுவெடி எங்கே கிடக்கும் என்று சொல்ல முடியாது. 2020 மே மாதத்தில் மண்ணார்க்காட்டுக்கு அருகே வெள்ளியாற்றில் நின்றபடியே உயிர்விட்ட கருவுற்ற யானையின் வாயைச் சிதைத்தது அத்தகைய வெடிதான். எனவே உருண்டையான, சணலோ காகிதமோ சுற்றிய பொருள் தென்பட்டால் தொடாமல் விலகி, 112-ஐ அழைக்க வேண்டும். துலாவர்ஷ காலத்து மாலைகளில் மொட்டைமேட்டில் நின்று இடியை வரவேற்பதும், மழை நனைத்த சரிவில் குழி பறிப்பதும் வேண்டா. தோண்டிய குழியை மூடாமல் விட்டால், அடுத்த நாள் மேய வரும் மாட்டுக்குக் கால் போகும்.

எல்லாவற்றையும்விட அதிகமான பேரைக் கவிழ்ப்பது மோசடி. உண்மையான கருவி செய்வதெல்லாம் இவ்வளவே: சுருளில் ஓடும் மின்சாரம் உண்டாக்கும் காந்தப்புலம், மண்ணில் கிடக்கும் உலோகத்தில் ஒரு சிறு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது, அதன் எதிரொலியைச் சுருள் உணர்கிறது. ஒரு காசை ஓரடி ஆழத்திற்கு மேல் சாதாரணக் கருவி கண்டுபிடிப்பது அரிது. இரும்புச்சத்து மிகுந்த நம் செம்பாறாங்கல் பூமியில் பொய்யொலி வேறு ஓயாமல் எழும். ‘அரைக் கிலோமீட்டர் தூரத்துத் தங்கத்தைக் காட்டும்’ என்று சுழலும் குச்சியொன்றை லட்சக்கணக்கில் விற்பவர், ஆகவே, வெறும் குச்சியைத்தான் விற்கிறார். கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானைப் போன்ற ஒன்றை வெடிகுண்டு கண்டறியும் கருவி என்று ஈராக் முதலிய நாடுகளுக்கு விற்ற ஆங்கிலேயர் ஒருவருக்கு 2013-இல் பத்தாண்டு சிறை கிடைத்தது. அரசாங்கங்களே ஏமாந்தன என்றால், நம் கிராமத்தார் அரிசியை இழுக்கும் சொம்பு, இரிடியம் கலசம் என்று கேட்டு ஏமாறுவதில் வியப்பில்லை. அஸ்திவாரம் தோண்டுகையில் கிடைத்ததாகச் சொல்லி, பரிசோதிக்க ஒரு நிஜப் பொன்மணியைக் கொடுத்து, பிறகு பித்தளை மாலையைத் தள்ளிவிடுவது பழைய வித்தை. பழங்காசை வாங்குவதாக ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி முன்கட்டணம் கேட்பவர்களைப் பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

போட்டி நடத்தியே தீர வேண்டும் என்னும் மன்றம், ஆண்டுதோறும் உழுது பயிரிடும் தனியார் வயலைத் தேர்ந்து, உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் பெற்று, புதைத்த வில்லைகளுக்கு எண் போட்டு, ஏர் கீறும் ஆழத்திற்குக் கீழே எவரும் தோண்டலாகாது என்று முன்கூட்டியே விதிக்கட்டும். பஞ்சாயத்துக்கும் காவல் நிலையத்துக்கும் ஒரு தகவல் கொடுத்துவிடுவது நல்லது. எண்ணில்லாத எதுவும் கிடைத்தால் ஆட்டம் அங்கேயே நின்றுவிட வேண்டும்: பொருளைக் கழுவாமல், தேய்க்காமல், இருந்த நிலையிலேயே படமெடுத்து, அந்த இடத்துக்கு ஓர் ஆளைக் காவல் வைத்துவிட்டுக் கிராம அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும்.

அங்கே மலையாளத்தில் எழுதத் தெரியாதே என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், தாங்கள் மிகுந்து வாழும் பகுதிகளிலுள்ள அரசு அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம். பதிலையும் தமிழிலேயே பெறும் உரிமை உண்டு. கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கண்டெடுத்தவர் நீங்கள்தான் என்பதற்கு அதுவே முதல் சாட்சி. முன்சொன்ன ஏமாற்றுகளில் பணத்தை இழந்தவர், மோசடி பொள்ளாச்சியில் நடந்ததா, சித்தூரில் நடந்ததா என்று எல்லையைக் காட்டி விரட்டப்பட்டால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமாகிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 173-ஆம் பிரிவை நினைவூட்டலாம்: குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிவுசெய்ய வேண்டும், மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம், அதற்குமேல் மாஜிஸ்திரேட் இருக்கிறார். இணையவழி அனுப்பிய பணமானால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிப்போகும். போலிக் கருவி வாங்கியவர், விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், தாம் குடியிருக்கும் ஜில்லாவின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டாண்டுக்குள் வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணமே கிடையாது.