கற்பொடி மண்ணாகுமா?

தேசப்படத்தில் பேரணாம்பட்டிலிருந்து நேர் மேற்கே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் அது கர்நாடகத்தின் கோலார் தங்கவயலைத் தொடும். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் பிழைப்புத் தேடிச் சென்ற ஊர் அது. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் இயங்கிய சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற வெளிறிய மேடுகளோ அங்கேயே நிற்கின்றன. மக்கள் அவற்றைச் 'சயனைடு மேடு' என்பார்கள். காற்று பலமாக வீசினால் அங்கிருந்து கிளம்பும் தூசு வீட்டுக்குள்ளும் மூச்சுக்குள்ளும் புகுந்துவிடும். அந்த மேடுகளைப் பசுமையாக்க முடியுமா?

மேடு எப்படி வந்தது என்று முதலில் காண்போம். ஒரு டன் பாறையில் கிடைப்பது சில கிராம் தங்கமே. எனவே பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தை மட்டும் கரைத்துப் பிரிப்பார்கள். மிஞ்சும் மாவு மலையாகக் குவியும். தங்கவயலில் இப்படிக் குவிந்தது 3 கோடி டன்னுக்கு மேல். இதிலுள்ள சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் பெரும்பாலும் சிதைந்துவிடும். ஆனால் பாறையிலிருந்து வந்த உலோகங்கள் தனிமங்கள். அவை சிதைவதில்லை.

இந்த மாவு மண்ணைப் போலத் தோன்றினாலும் மண் அல்ல. நல்ல மண்ணில் ஏறக்குறைய பாதி இடம் காற்றும் நீரும்தான். அதில் மக்கும், நுண்ணுயிர்களும், மண்புழுவும் உண்டு. கற்பொடியில் இவை எதுவும் இல்லை. ஆகவே செடி வளர மூன்று தடைகளைத் தாண்ட வேண்டும்.

முதல் தடை காற்று. பாலைவன மணலை ஆராய்ந்த பாக்னால்டு என்ற ஆங்கிலேயர், காற்று சுமக்கும் மணலின் அளவு அதன் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப மாறும் என்று கண்டார். வேகம் இரு மடங்கானால் மணல் எட்டு மடங்கு! இதையே திருப்பிப் பாருங்கள். தரையருகே வேகத்தைப் பாதியாக்கினால் பறக்கும் மணல் எட்டில் ஒரு பங்காகும். வரிசையாக நட்ட புல்லே இதைச் செய்துவிடும். இதற்கு உலகின் பல நாடுகளில் பயன்படுவது நம் வெட்டிவேர். அதன் வேர் 3 மீட்டர் ஆழம்கூடப் போகும்.

இரண்டாவது தடை பட்டினி. கற்பொடியில் நைட்ரஜன் இல்லை. அவரைக் குடும்பத்துச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடித்துத் தரும். தொழு உரமும் கொளுஞ்சி போன்ற செடிகளும் சேர்ந்தால் மக்கு உருவாகத் தொடங்கும்.

மூன்றாவது தடை நஞ்சு. வேல்ஸ் நாட்டின் பழைய சுரங்கக் கழிவுகளில் சில புற்கள் தாமாகவே வளர்ந்திருந்தன. அந்தோணி பிராட்ஷா என்ற அறிவியலாளர் காரணத்தை விளக்கினார். ஏராளமான விதைகளில் உலோகத்தைத் தாங்கிய மிகச் சில மட்டும் பிழைத்தன. அவற்றின் சந்ததியே அங்கே பரவியது. டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வுதான் இது! பின்னர் அந்தப் புற்களின் விதைகள் பெருக்கப்பட்டு, மற்றக் கழிவு மேடுகளிலும் விதைக்கப்பட்டன.

ஒன்றை மறக்கக் கூடாது. புல் வளர்ந்ததும் நஞ்சு மறைந்துவிடுவதில்லை. வேர்கள் அதைப் பறக்காமலும் கரைந்தோடாமலும் பிடித்து வைக்கின்றன, அவ்வளவே. அந்த நிலத்தில் ஆடு மேய்க்கவோ கீரை பயிரிடவோ கூடாது.

2024-இல் கர்நாடக அமைச்சரவை, தங்கவயலின் 13 மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்க ஒப்புதல் அளித்தது. எடுத்த பின்னும் பொடி மிஞ்சும். அதை யார் மூடுவது, எதைக் கொண்டு மூடுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும் அல்லவா?

இந்தப் பாடம் பேரணாம்பட்டுப் பக்கத்துக்கும் பொருந்தும். தமிழகத்தின் தோல் பதனிடும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனதை உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் குறிப்பிட்டது. அங்கே கெடுத்தது கற்பொடி அல்ல, உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர். நிலத்தைக் கெடுக்கச் சில ஆண்டுகள் போதும். மீட்கத் தலைமுறைகள் வேண்டும்.

செய்து பாருங்கள்: இரண்டு தட்டுகளில் உலர்ந்த மணலைப் பரப்புங்கள். ஒன்றில் மட்டும் துடைப்பக் குச்சித் துண்டுகளை நெருக்கமாக வரிசை வரிசையாக நடுங்கள. மின்விசிறிக்குப் பின்னால் நின்றுகொண்டு, இரண்டின் மீதும் ஒரே வேகத்தில் காற்றைச் செலுத்துங்கள். எந்தத் தட்டில் மணல் அதிகம் மிஞ்சியது? எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.