நாய் எதையாவது விழுங்கிவிட்டதா? உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள்!

மாம்பழ சீசனில் பல வீடுகளில் நடப்பதுதான். பழத்தைச் சாப்பிட்டுவிட்டு, கொட்டையைத் தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போயிருப்பீர்கள். திரும்பி வந்தால் தட்டு காலி. பக்கத்தில் வாலை ஆட்டியபடி டாமி!

உடனே ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பிப்பார்கள். ''உப்புத் தண்ணி ஊத்து, வாந்தி எடுத்துடும்'' என்பார் பாட்டி. ''வாழைப்பழம் கொடு, வழுக்கிக்கிட்டு வந்துடும்'' என்பார் பக்கத்து வீட்டுக்காரர். ''காலையில பார்த்துக்கலாம்'' என்பார் அப்பா. மூன்றுமே ஆபத்தில் முடியலாம்.

வாந்தி எடுக்க வைக்கலாமா?

வீட்டில் கூடாது. ஊசி, எலும்புத் துண்டு போன்றவை மேலே ஏறி வரும்போது உணவுக்குழாயைக் கிழித்துவிடும். பாத்ரூம் கிளீனர் உள்ளே போகும்போது புண்ணாக்கியதை, வெளியே வரும்போது மறுபடியும் புண்ணாக்கும். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். உப்புத் தண்ணீரோ ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி, வலிப்பு வரை கொண்டுபோய்விடும்.

வாந்தி எடுக்க வைக்கலாமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு அவரிடம் ஊசி மருந்து இருக்கிறது. பொதுவாக விழுங்கிய 2 மணி நேரத்துக்குள் போனால்தான் அதனால் பலன்.

முதல் 5 நிமிடங்களில்...

* மூச்சுத் திணறுகிறதா, ஈறு நீலமாகிறதா என்று பாருங்கள். பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். தெரியாமல் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும்.

* வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். குடலை அறுத்துவிடும்.

* கடித்த கவர், மாத்திரை அட்டை என மிச்சம் இருப்பதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

* எத்தனை மணிக்கு விழுங்கியது, நாயின் எடை எவ்வளவு என்று மருத்துவருக்கு போனில் சொல்லுங்கள். அவர் சொல்லாமல் எந்த உணவும் கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் வயிறு காலியாக இருப்பதே நல்லது.

ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாதவை

பட்டன் பேட்டரி அரை மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கத் தொடங்கிவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்கள், ஊசி நூல், பாராசிட்டமால் போன்ற மாத்திரைகள், சைலிட்டால் கலந்த சுகர் ஃப்ரீ சூயிங்கம், சாக்லேட், பாயசத்தில் போடும் உலர் திராட்சை... எல்லாமே இந்தப் பட்டியலில் வரும்.

எலி மருந்து இன்னும் மோசம். சில வகைகள் ரத்தம் உறைவதைத் தடுப்பவை. முதல் இரண்டு மூன்று நாட்கள் நாய் நன்றாகவே ஓடியாடும். ரத்தக்கசிவு அதன்பிறகுதான் தெரியவரும்.

'நல்லாத்தானே இருக்கு!'

மாங்கொட்டை, சாக்ஸ், பால் கவர் போன்றவை இப்படித்தான் நம்மை ஏமாற்றும். சில நாட்கள் கழித்துக் குடலில் அடைத்துக்கொள்ளும். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பிட மறுப்பது, மலம் கழிக்க முக்குவது, வயிற்றைத் தொட்டாலே முனகுவது... இதில் எது தெரிந்தாலும் உடனே கிளம்புங்கள்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று நிம்மதியடைந்துவிடவும் முடியாது. உலோகமும் எலும்பும் தெளிவாகத் தெரியும்; துணியும் பிளாஸ்டிக்கும் பல சமயம் தெரியாது. அதனால் ஸ்கேனும் தேவைப்படலாம். பொருள் இரைப்பையில் இருக்கும்போதே போனால், பல நேரங்களில் எண்டோஸ்கோப்பி மூலம் எடுத்துவிடலாம். குடலில் போய்ச் சிக்கிக்கொண்டால் பெரும்பாலும் ஆபரேஷன்தான்.

சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவமனைகள் உள்ளன. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இரவிலும் பார்க்கும் மருத்துவர் யார் என்று விசாரித்து, அவருடைய எண்ணை இன்றே போனில் பதிந்துவையுங்கள். அப்படியே குப்பைத்தொட்டிக்கு ஒரு மூடியும் வாங்கிவிடுங்கள்!