வாலில் எழுதிய எண்

மஸ்கெலியா, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் போய் 'பிளேன் மோதிய மலை எது?' என்று கேட்டால், லயத்துப் பிள்ளைகள்கூட ஏழு கன்னியர் மலையைக் கைகாட்டிவிடுவார்கள். 1974 டிசம்பர் 4 இரவு, சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்கவில் இறங்க வந்த மார்ட்டின்எயார் டிசி-8 அங்கே மோதியது. அதிலிருந்த 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. தாம் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்து, மலைக்கு மேலேயே தாழ இறங்கிவிட்டார்கள் என்று விசாரணை சொன்னது. பி.எச்.-எம்.பி.எச். என்ற அதன் பதிவெழுத்து முதல் கடைசி நிமிடம் வரை எல்லாம் ஏட்டில் இருக்கிறது.

அதற்கு முப்பது வருடம் முன்னால் இதே தீவின் வானத்தில் பறந்த அமெரிக்கக் கனரகக் குண்டுவீச்சு விமானங்களுக்கு இப்படியொரு தனி வரலாறு எழுத முடியுமா? முடியும். பிடிக்க வேண்டியது வாலில் எழுதிய எண்ணை.

தென்கிழக்காசியாவில் நேசநாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாயிருந்த மவுண்ட்பேட்டன் தன் தலைமையகத்தை டெல்லியிலிருந்து பேராதனைக்கு மாற்றியது 1944 ஏப்ரலில். அதே ஆண்டு ஓகஸ்ட் 10ஆம் திகதி, திருகோணமலை சீனன்குடாவிலிருந்து 54 பி-29 விமானங்கள் கிளம்பின. வங்காளத்தில் கரக்பூரைச் சுற்றியிருந்த தளங்களிலிருந்து வந்து, இங்கே எண்ணெய் நிரப்பிக்கொண்டு, சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை அடிக்கப் போனவை அவை. போய்வர 6,000 கிலோமீட்டருக்கு மேல். இலக்கை எட்டியவை 39. அவற்றில் எட்டு, மூசி ஆற்றில் கண்ணிவெடி போட்டன. திரும்பும் வழியில் ஒன்று எண்ணெய் தீர்ந்து கடலில் இறங்கியது. இவ்வளவு பாடுபட்டும் ஆலைக்குப் பெரிய சேதமில்லை. பி-29கள் தாக்குதலுக்காகச் சீனன்குடாவுக்கு மறுபடி வரவேயில்லை.

இங்கே நிலையாக இருந்து உழைத்தது பி-24 லிபரேட்டர். அமெரிக்காவில் செய்து பிரிட்டிஷ் விமானப்படைக்குக் கொடுத்தவை. அப்படையின் 160ஆவது ஸ்குவாட்ரன் 1943இல் ரத்மலானைக்கு வந்து, சிகிரியா, காங்கேசன்துறை, மின்னேரியா என்று இடம் மாறியது. காங்கேசன்துறைத் தளம் என்று ஏட்டில் இருப்பது இன்றைய பலாலிதான்.

ஒரு விமானத்தை எப்படித் தேடுவது? அமெரிக்க எண்ணின் முதல் இரண்டு இலக்கம் அதைக் கொள்முதல் செய்த நிதியாண்டு. 42-73308 என்றால் 1942ஆம் ஆண்டுக் கணக்கு. வாலில் எழுதும்போது முதல் இலக்கத்தையும் இடைக்கோட்டையும் விட்டுவிட்டு 273308 என்று எழுதுவார்கள். அந்த எண்ணைக் கொண்டு ஆலை ஏடு, விமானத்தின் தனி அட்டை, ஸ்குவாட்ரனின் நாட்பதிவு, திரும்பி வராவிட்டால் 'காணாமற்போன விமானக்குழு அறிக்கை' என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகலாம்.

நான் சொன்ன எண் சும்மா ஓர் உதாரணத்துக்கு எடுத்ததல்ல. 'ஹொட் ஆஸ் ஹெல்' என்று பெயர் எழுதிய பி-24 அது. 1944 ஜனவரி 25 அன்று, சீனாவின் குன்மிங்கிலிருந்து அசாமுக்கு எட்டுப் பேரோடு கிளம்பி மேகத்துக்குள் போனது, வந்து சேரவில்லை. அமெரிக்கத் தேடலாளர் கிளேட்டன் குல்ஸ் 2006இல் அருணாசலப் பிரதேசத்தின் தம்ரோ ஊருக்கு மேலே மலையேறி அதன் சிதைவைக் கண்டார். குழுவிலிருந்த ரொபர்ட் ஒக்ஸ்போர்டின் எச்சம் 2017இல்தான் ஜோர்ஜியாவிலுள்ள அவருடைய சொந்த ஊர் மண்ணுக்குப் போனது.

விழுந்தவற்றைவிட விழாதவற்றின் கதை விநோதம். லிபரேட்டர்கள் இரவல் ஒப்பந்தத்தில் வந்தவை. போர் முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது விலை கொடுக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் அழிக்க வேண்டும். இந்தியாவில் இருந்தவற்றைக் கான்பூரில் குவித்து, இயந்திரத்துக்குள் மண்ணைக் கொட்டி, கருவிகளை உடைத்துவிட்டுப் பிரிட்டிஷார் போய்விட்டார்கள். இந்தியாவின் புதிய விமானப்படைக்கோ கனரகக் குண்டுவீச்சு விமானமே இல்லை. பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்காரர்கள் 1948இல் அந்தக் குவியலுக்குள் இறங்கினார்கள். ஒன்றின் இறக்கை, இன்னொன்றின் இயந்திரம் என்று சேர்த்துப் பறக்கும் அளவுக்கு ஆக்கியதும், ஜம்ஷெட் முன்ஷி என்ற பரீட்சார்த்த விமானி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிப் போனார். நாற்பதுக்கும் மேற்பட்டவை மறுபடி பறந்தன; 1968 வரை சேவையில் இருந்தன. உலகில் சேவையிலிருந்த கடைசி லிபரேட்டர்கள் இவைதான்.

அவற்றில் ஒன்றைத் தொடர்ந்து பார்ப்போம். மிச்சிகனில் போர்ட் கம்பனியின் வில்லோ ரன் ஆலையில் பிறந்தபோது அது 44-50206. பிரிட்டிஷ் கைக்கு வந்ததும் கே.என்.751. நமக்குத் தென்கிழக்கே கொக்கோஸ் தீவில் 99ஆவது ஸ்குவாட்ரனோடு 1945இல் பறந்தது. கான்பூர்க் குவியலிலிருந்து தப்பி எச்.ஈ.807 என்று இந்திய எண் வாங்கியது. ஏழு கன்னியர் மலையில் டிசி-8 மோதிய அதே 1974இல் பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாகப் போய்ச் சேர்ந்தது. மூன்று எண், ஒரே விமானம்.

இன்னொன்று 44-44052, பிரிட்டிஷ் எண் கே.எச்.191. அதுவும் கான்பூரில் கைவிடப்பட்டு, இந்திய விமானப்படையில் 1968 வரை இருந்ததுதான். எண்பதுகளில் அமெரிக்காவின் கொலிங்ஸ் அறக்கட்டளை வாங்கிப் புதுப்பித்து 1989இல் பறக்க விட்டது. முதலில் அதன் மூக்கில் எழுதிய பெயர் 'ஒல் அமெரிக்கன்'. பிறகு வேறொரு பெயர். 2005இல் 'விட்ச்கிராப்ட்'. எல்லாமே போரில் பறந்த வேறு அமெரிக்க விமானங்களின் பெயர்கள். அந்த விமானங்களில் பறந்த முதியவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று காரணம் சொல்லலாம். அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் ஆசிய வானத்தில் உழைத்த ஒரு விமானம், பெரும்பாலும் தான் பார்த்தேயிராத ஐரோப்பியப் போரின் வேஷத்தில் கண்காட்சிக்குக் கண்காட்சி பறந்தது எனக்கு ஒப்பவில்லை. கே.எச்.191 என்று ஒரு வருடமாவது எழுதியிருக்கலாம்.