வெள்ளி உப்பில் பதியும் ஒளி

டிஜிட்டல் கேமரா எடுத்த படத்தை அந்த நொடியிலேயே காட்டிவிடுகிறது. வழக்கமாக 36 படங்களே கொள்ளும் 35 மி.மீ. ஃபிலிம் சுருளிலோ விளைவு கழுவிய பின்னரே தெரிவதால், ஒளியளவை முன்கூட்டியே கணிக்கும் பழக்கத்தைக் கற்பவர் பெற்றாக வேண்டியிருக்கிறது.

ஃபிலிமின் மீது ஜெலட்டினில் கலந்து பூசப்பட்டுள்ள சில்வர் ஹாலைடு என்னும் வெள்ளி உப்புத் துகள்களில் ஒளி பட்டதும், கண்ணுக்குப் புலப்படாத பிம்பம் ஒன்று உருவாகிறது. கறுப்பு வெள்ளை ஃபிலிமை இருட்டில் ஒளிபுகாத் தொட்டியிலிட்டு, பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸில் டெவலப்பர் கரைசலை ஊற்றினால், ஒளிபட்ட துகள்கள் கரிய வெள்ளி உலோகமாக மாறுகின்றன; எஞ்சிய உப்பை ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட் கரைத்து நீக்குகிறது. வெள்ளி உப்பைக் கரைக்கும் இப்பண்பை 1819-இல் கண்டறிந்தவர் ஜான் ஹெர்ஷல்.

ஒவ்வொரு படத்துக்கும் துளையளவையும் ஷட்டர் வேகத்தையும் குறித்துவைத்து நெகட்டிவுடன் ஒப்பிடுபவர், கணிப்பு தவறிய இடத்தைத் தாமே கண்டுகொள்கிறார்.