‘கரி’ன்னா யாருங்க? கோவையில் ஒரு வேகக்காரரைத் தேடி ஒரு நாள்!

2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேர கார் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அன்றைக்கு நம் வீட்டு வாட்ஸ்அப் குரூப்கள் எல்லாம் அமர்க்களப்பட்டன. ‘ரேஸா... ஆளை விடுங்க’ என்று ஒதுங்கிப்போகும் அம்மாக்கள்கூட, தேசியக்கொடியோடு அவர் நின்ற வீடியோவை ஸ்டேட்டஸில் வைத்தார்கள்.

ஆனால், தமிழ்நாட்டின் ரேஸ் கதை அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. அதில் முக்கியமான ஒரு பெயர், கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன். நண்பர்களுக்கும் ரேஸ் உலகத்துக்கும் ‘கரி’. அவர் பெயரைத் தாங்கி கோவைக்கு வெளியே ஒரு பந்தயத் தடமே இருக்கிறது. அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, ‘டயர் கறுப்பா இருக்கும்ல, அதான் கரி’ என்று விளக்கம் சொல்கிறவர்களும் உண்டு. கரி என்றால் யானை. யானைக்கு அருளிய பெருமாள்தான் கரிவரதன்.

ஒரு பந்தய வீரரை ஊர் எப்படி நினைவில் வைத்திருக்கிறது? அதைப் பார்க்கத்தான் மதுரை ஆரப்பாளையத்தில் கோவை பஸ் ஏறினோம்.

ஒரு குட்டி ஊரின் பெரிய மரியாதை

அதற்கு முன், ஸ்காட்லாந்தில் இருக்கும் டன்ஸ் என்ற சின்ன ஊரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுற்றிலும் வயல், ஆட்டுப் பண்ணைகள். அங்கே ஒரு பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்தவர் ஜிம் கிளார்க். 1963, 1965 என இரண்டு முறை ஃபார்முலா ஒன் உலக சாம்பியன். ஓடிய 72 பந்தயங்களில் 25-ல் வெற்றி. 1968 ஏப்ரல் 7 அன்று ஜெர்மனியின் ஹாக்கன்ஹெய்மில் நடந்த பந்தயத்தில் கார் மரங்களில் மோதி இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 32.

மகன் வாங்கிய கோப்பைகளைப் பெற்றோர் வீட்டில் பூட்டி வைக்காமல், ஊருக்கே கொடுத்துவிட்டார்கள். 1969-ல் அவற்றை வைத்து டன்ஸில் ஓர் அறை திறந்தார்கள். அந்த அறைதான் வளர்ந்து, 2019-ல் கார்களும் நிற்கும் முழு அருங்காட்சியகமாக ஆனது. உலகம் முழுக்க இருந்து ரசிகர்கள் தேடி வருகிறார்கள். பக்கத்து ஊரில் இருக்கும் அவர் கல்லறையில் சாம்பியன் பட்டங்களுக்கு முன்பாகப் பொறித்திருக்கும் வார்த்தை, ‘விவசாயி’.

ஒரே ஓர் அறையில் தொடங்கிய விஷயம் இது. இதை மனதில் வைத்துக்கொண்டு கோவைக்கு வாருங்கள்.

காலை: அவிநாசி சாலை

கோவையில் முதல் நிறுத்தம், அவிநாசி சாலையில் இருக்கும் ஜி.டி. கார் மியூசியம். ‘அதிசய மனிதர்’ ஜி.டி.நாயுடு பெயரிலான அறக்கட்டளை நடத்துவது. அவர் மகன் ஜி.டி.கோபாலின் முயற்சியில் 2015-ல் திறக்கப்பட்டது. பழநிக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே 1920-ல் பஸ் ஓட்டித் தொழிலைத் தொடங்கியவரின் குடும்பம் கார் மியூசியம் வைத்திருப்பதில் ஆச்சர்யம் இல்லை.

1886-ல் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர வண்டியின் மாதிரி, சாதாரணக் குடும்பங்களுக்கும் கார் வாங்கலாம் என்ற நிலையைக் கொண்டுவந்த ஃபோர்டு மாடல் டி, ரோல்ஸ் ராய்ஸ், ‘வண்டு’ கார் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் என்று பார்க்கப் பார்க்க நேரம் போவதே தெரியவில்லை. அழகுக்காக மட்டும் கார்களை நிறுத்திவைக்காமல், எந்தக் காரில் எந்தத் தொழில்நுட்பம் வந்தது என்று வரிசையாகப் புரியவைக்கிறார்கள்.

நமக்கு முன்னால் ஒரு தாத்தாவும் பேரனும். “ஏனுங் அப்பாரு, இதுல ரேஸ் ஓட்டலாங்களா?” என்று ஒவ்வொரு காரையும் காட்டிக் கேட்டுக்கொண்டே வந்தான் பையன். “எந்தக் காருலயும் ஓட்டலாஞ் சாமி, ஓட்டறவன் சரியா இருக்கோணும்” என்றார் அவர். கரிவரதன் செய்த வேலையை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

மாருதி எஞ்சினில் ஒரு ரேஸ் கார்

பஞ்சாலைக் குடும்பத்தில் பிறந்தவர் கரிவரதன். அந்தக் காலத்தில் தென்னிந்தியாவின் பந்தயக்களம், சென்னைக்கு அருகே இருந்த சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. அங்கே பந்தயம் பார்க்கக் கூட்டம் அலைமோதும். ஆனால், ஓட்டுவது வசதியானவர்களுக்கு மட்டுமே சாத்தியம். நல்ல ரேஸ் கார் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஒரு பாகம் உடைந்தால் அதற்கும் கப்பலைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

சோழவரத்தில் பெயர் வாங்கிய கரி, அந்தப் பூட்டை உடைத்தார். 1983-ல் மாருதி 800 வந்து, சில வருடங்களில் எல்லா ஊர்களுக்கும் பரவிவிட்டது. அதன் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்து, ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்தி, இரும்புக் குழாய்ச் சட்டத்தின்மேல் மெல்லிய உடலைப் போர்த்தி, ஒருவர் மட்டும் உட்காரும் ரேஸ் காரைக் கோவையிலேயே உருவாக்கினார். ‘ஃபார்முலா மாருதி’ என்று அதற்குப் பெயர்.

இதனால் என்ன லாபம்? எஞ்சினில் கோளாறு வந்தால் உதிரிபாகம் உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும். மெக்கானிக்குக்கும் அது பழகிய எஞ்சின். எல்லோரும் ஒரே வகைக் காரை ஓட்டுவதால், யாரிடம் பணம் அதிகம் என்பதைவிட யாருக்குக் கை சுத்தம் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும். லேத் பட்டறை, வார்ப்பட ஆலை, பம்ப்செட் கம்பெனி என்று இரும்போடு பழகிய கோவையில் இப்படி ஒரு கார் பிறந்தது பொருத்தம்தான்.

அந்த ஃபார்முலா மாருதியில், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருக்கும் பந்தயத் தடத்தில் தன் முதல் பந்தயத்தை ஓடினார் ஒரு கோவைப் பையன். பெயர், நரேன் கார்த்திகேயன். கரியின் உறவுக்காரர்தான். அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயனும் பிரபலமான ராலி வீரர். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார் நரேன். அதே ஆண்டு அமெரிக்காவில், டயர் பிரச்னையால் பெரும்பாலான அணிகள் விலகிக்கொள்ள, ஆறு கார்கள் மட்டுமே ஓடிய பந்தயத்தில் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் எடுத்தார். 2010-ல் பத்மஸ்ரீ.

அதையெல்லாம் பார்க்க கரி இல்லை. 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். நாற்பதைச் சற்றே தாண்டிய வயது.

மதியம்: செட்டிபாளையம்

கோவைக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் இருக்கிறது ‘கரி மோட்டார் ஸ்பீடுவே’. 2003-ல் தொடங்கிய இந்தத் தடத்தின் நீளம் 2.1 கிலோமீட்டர். நீளம் குறைவு, வளைவுகள் நெருக்கம். அதனால் வேகத்தைவிட, எங்கே பிரேக் பிடிக்கிறோம், எங்கே திருப்புகிறோம் என்பதுதான் இங்கே முக்கியம். தேசியப் பந்தயங்கள் நடக்கும் இடம் இது. இளைஞர்கள் பலருக்கு முதல் பள்ளிக்கூடமும் இதுதான்.

இங்கே எதற்கும் ஒழுங்கு உண்டு. ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை, உடலைப் பல இடங்களில் இழுத்துக் கட்டும் பெல்ட் இல்லாமல் யாரும் பந்தயத்தில் இறங்க முடியாது. தடத்தின் ஓரமெங்கும் கொடி அலுவலர்கள். மஞ்சள் காட்டினால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. நீலம் என்றால் பின்னால் வேகமான கார், வழி விடு. சிவப்பு என்றால் பந்தயமே நிறுத்தம். ஆம்புலன்ஸ் தயாராக நிற்காமல் பந்தயம் தொடங்காது. எதிரே ஒரு வண்டிகூட வராது.

இதை எழுதும்போது கப்பலூர் நான்குவழிச்சாலைதான் நினைவுக்கு வருகிறது. திருநகரில் ராத்திரி பத்து மணிக்கு மேல் பைக் சத்தம் கேட்டால், எந்த வீட்டுப் பிள்ளையோ என்று வயிற்றில் புளி கரையும் பெற்றோர் எத்தனை பேர்! ‘ஓட்டாதே’ என்று மட்டும் சொன்னால் பதினெட்டு வயது கேட்காது. வேகம் பிடித்த பிள்ளைக்கு அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது, அங்கே முதல் பாடமே பிரேக்தான் என்று ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டலாம். அந்த இடத்துக்கு இருக்கும் பெயர் யாருடையது என்றும் சொல்லலாம்.

இன்னும் ஓர் அறை வேண்டும்

பந்தய வீரருக்கு ஓடும் தடத்தைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் இல்லைதான். ஆனால், தடம் அவர் பெயரை மட்டும்தான் சொல்லும், கதையைச் சொல்லாது. இந்த நாட்டில் எத்தனையோ பேரின் முதல் ரேஸ் கார் ஒரு மாருதி எஞ்சினில் பிறந்தது என்பதை அங்கே வரும் பத்து வயதுக் குழந்தைக்கு யார் சொல்வது? சோழவரத்தில் அவரோடு ஓட்டியவர்களும், அவருக்காக ஸ்பேனர் பிடித்தவர்களும் இன்றைக்குத் தாத்தாக்கள். அவர்கள் நினைவில் இருப்பவை பதிவாகாவிட்டால் அவர்களோடு போய்விடும்.

பெரிய கட்டடம் எல்லாம் தேவையில்லை. ஒரு ஃபார்முலா மாருதி, கொஞ்சம் புகைப்படங்கள், ஒரு ஹெல்மெட், எஞ்சினை எப்படிப் பின்னால் மாற்றினார் என்று தமிழில் விளக்கும் ஒரு பலகை... டன்ஸ் ஊரில் தொடங்கியது போல ஓர் அறை போதும். கார் மியூசியமும் பந்தயத் தடமும் ஒரே ஊரில் இருக்கும் கோவைக்கு இது பெரிய காரியமே இல்லை.

போகிறவர்களுக்கு:

* மதுரை ஆரப்பாளையத்திலிருந்து கிளம்பும் கோவை பஸ்கள் சிங்காநல்லூர் நிலையத்துக்குப் போகும். விடியற்காலை கிளம்பினால் இரண்டு இடங்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

* மியூசியத்தின் விடுமுறை நாளையும், தடத்தின் பந்தய அட்டவணையையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பந்தயம் உள்ள வார இறுதி என்றால் அனுபவமே வேறு.

* சின்னக் குழந்தைகளோடு போனால் காதுக்குப் பஞ்சு அவசியம். வெயிலுக்குத் தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் மறக்க வேண்டாம்.