போர்க்லிப்ட் வாங்குமுன்: எரிபொருள் வண்டியின் நன்மையும் தீமையும்

அறுவடைக் காலத்தில் நெற்களஞ்சியத்துக்கு லொறி லொறியாக மூட்டைகள் வந்து சேர்கின்றன. அவற்றை இறக்கி அடுக்குவது பெரும்பாலும் நாட்டாமைமாரின் தோளும் முதுகுமே. இச்சுமையைக் குறைக்கப் பாவித்த போர்க்லிப்ட் ஒன்றை வாங்க எண்ணும் கூட்டுறவுச் சங்கம் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை இங்கு நோக்குவோம்.

முன்புறமுள்ள இரு இரும்புக் கரங்களால் பாரத்தை உயர்த்தும் வண்டியே போர்க்லிப்ட். டீசல், பெற்றோல், எரிவாயு ஆகியவற்றில் இயங்குபவை ஒருவகை. பற்றரியில் இயங்குபவை மற்றொரு வகை.

நன்மைகள்

1. ஐம்பது கிலோ மூட்டைகள் இருபதை ஒரு மரத்தட்டில் அடுக்கினால் ஒரு தொன். இதனை இரண்டு தொன் வண்டி ஒரே தடவையில் தூக்கிவிடும்.

2. மேடுபள்ளமான முற்றத்திலும் மழையிலும் டீசல் வண்டி நன்கு உழைக்கும்.

3. எரிபொருள் நிரப்பச் சில நிமிடங்கள் போதும். வழமையான ஈய அமிலப் பற்றரிக்கு மின்னேற்ற ஏறத்தாழ எட்டு மணி நேரம் தேவை.

4. உழவு இயந்திரம் திருத்தத் தெரிந்தவருக்கு டீசல் இயந்திரம் புதிதன்று.

தீமைகள்

முதன்மையானது புகை. மழைக்கும் எலிக்கும் பயந்து கதவு யன்னல்களை மூடிவைக்கும் இடமே களஞ்சியம். பெற்றோல், எரிவாயு வண்டிகள் அங்கே ஓடும்போது காபனோரொட்சைட்டு தேங்கும். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தம் ஒட்சிசனைக் காவுவதை இது தடுக்கிறது. முதலில் தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் தோன்றும். வேலைக் களைப்பென்று எண்ணி அங்கேயே இருப்பவர் மயங்கி உயிரிழக்கவும் கூடும். வாயில் துணி கட்டுவதால் இவ்வாயுவைத் தடுக்க முடியாது.

டீசலில் இவ்வாயு குறைவு. ஆனால் கரித்துகள் அதிகம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் தொகுதியிற் சேர்த்தது. உணவுத் தானியத்திலும் புகைநாற்றம் படியலாம். சூடான புகைக்குழாயும் காய்ந்த உமித்தூசும் சேர்ந்தால் தீ அபாயமும் உண்டு.

எரிபொருள் எப்போதும் கிடைக்கும் என்றும் நம்பியிருக்க முடியாது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் எரிபொருளுக்கு வரிசையில் நாட்கணக்கில் நின்றோம். அதேயாண்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரமும் தடைப்பட்டதால், பற்றரி வண்டியும் முழுமையான தீர்வாகாது.

என்ன செய்யலாம்?

வேலையின் பெரும்பகுதி திறந்த முற்றத்தில் என்றால் டீசல் வண்டி பொருந்தும். மூடிய களஞ்சியத்துள் என்றால் பற்றரி வண்டியே நல்லது. எரிபொருள் வண்டிதான் உண்டெனில், எதிரெதிர்க் கதவுகளைத் திறந்துவையுங்கள். நிற்கும்போது இயந்திரத்தை நிறுத்துங்கள். தலையிடி என்று ஒருவர் சொன்னவுடன் அனைவரும் வெளியேற வேண்டும். பாரத்தைத் தாழ்த்தியே ஓட்டுங்கள். கரங்களில் எவரையும் ஏற்றாதீர்கள். மரத்தட்டுகளுக்கும் உறுதியான சீமெந்துத் தரைக்குமான செலவையும் முன்பே கணக்கிடுங்கள்.

இன்னுமொன்று. வண்டி வந்ததும் நாட்டாமைமாரை வீட்டுக்கு அனுப்பிவிடுவது முன்னேற்றமாகாது. அவர்களிலிருந்தே சிலரைச் சாரதிகளாகப் பயிற்றுவிப்போம். முதுகுச் சுமை இறங்கட்டும், அடுப்பு அணையாதிருக்கட்டும்.