முள் சொல்வதும் துளை சொல்வதும்

மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஒரு சிறு விமானத்தின் முகத்தில் காற்று வந்து மோதுகிறது. அந்த மோதலை அளக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும்? ஒரு சாண்கூட வேண்டாம். 185 கிலோமீட்டர் என்பது விமானிகள் கணக்கில் 100 நாட். கடல்மட்டக் காற்றில் 100 நாட் வேகம் தரும் அழுத்தம் 166 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கி நிறுத்தும், அவ்வளவுதான். விமானி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் வேகமானியின் முள், இந்தச் சொற்ப அழுத்தத்தை நம்பித்தான் நகர்கிறது.

தொழிற்சாலையில் தயாராகும் விமானத்துக்கு இந்த முள்ளைச் சோதித்துப் பார்க்க சோதனை விமானிகளும் பொறியாளர்களும் இருக்கிறார்கள். எந்த வேகத்தில் முள் எவ்வளவு தப்பாகக் காட்டும் என்று அட்டவணை போட்டுக் கையேட்டிலேயே அச்சடித்துவிடுவார்கள். வீட்டில் கட்டிய விமானத்துக்கு அந்தப் பக்கம் வெற்றுத்தாள். கட்டியவர்தான் நிரப்ப வேண்டும்.

வீட்டில் யார் விமானம் கட்டுகிறார்கள் என்று மும்பைக்காரர்கள் கேட்க மாட்டார்கள். காந்திவலி சார்கோப்பில் விமானி அமோல் யாதவ் மொட்டை மாடியில் கட்டிய ஆறு இருக்கை விமானத்தை, 2016 பிப்ரவரியில் பாந்த்ரா-குர்லா வளாகத்தில் நடந்த 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் ஊரே பார்த்தது. 2017 நவம்பரில் வி.டி.-என்.எம்.டி. என்ற பதிவு எண் கிடைத்தது. பறந்து பார்க்க அனுமதி 2019 அக்டோபரில்தான் கையில் வந்தது. மாடியில் எப்படிக் கட்டினார், அங்கிருந்து எப்படி இறக்கினார் என்பதையெல்லாம் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. இதுபோன்ற ஒரு விமானம் முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பும்போது உள்ளே இருக்கும் முள்ளை எதை வைத்து நம்புவது என்ற கேள்விக்குத்தான் இடம் கிடைக்கவில்லை.

நம் பக்கத்துக் கதை இதைவிட நூறு வருடம் மூத்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி'ஏஞ்செலிஸ், குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த சிம்ப்சன் கம்பெனியிடம் சொல்லி ஒரு விமானம் செய்ய வைத்து, 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். அந்தக் காலத்து விமானிகளுக்குக் கன்னத்தில் அறையும் காற்றும், இறக்கைகளை இழுத்துக் கட்டிய கம்பிகளின் ரீங்காரமும்தான் வேகமானி. பின்னால் வந்த டைகர் மாத் விமானங்களின் இறக்கைத் தூணில் ஸ்பிரிங் பூட்டிய ஒரு தகடு இருக்கும். காற்று அதை எவ்வளவு தள்ளுகிறதோ அதுதான் வேகம். கச்சாவான ஏற்பாடு, ஆனால் அடைத்துக்கொள்ளக் குழாய் கிடையாது.

இன்றைய கருவியின் மூலம் 1732-இல் இருக்கிறது. பாரிஸ் நகரின் சேன் ஆற்றில் நீரோட்டத்தின் வேகத்தை அளக்க, வளைந்த கண்ணாடிக் குழாயை ஓட்டத்தை எதிர்த்து நிறுத்திப் பார்த்தவர் ஆன்ரி பிட்டோ. விமானத்தின் பிட்டோ குழாயும் அதுவேதான்: எதிர்க்காற்றைப் பார்த்து வாய் திறந்த ஒரு குழாய். அது மட்டும் போதாது. பறக்கும் உயரத்தில் காற்று சும்மா இருந்தாலும் ஓர் அழுத்தம் உண்டு அல்லவா? அதைக் கழித்தால்தான் வேகத்தால் வந்த அழுத்தம் தனியாகத் தெரியும். அதற்காக உடம்பின் பக்கவாட்டில், காற்று மோதாமல் வழுக்கிக்கொண்டு போகும் இடத்தில், ஒரு சின்னத் துளை. ஸ்டாட்டிக் துளை என்பார்கள். குழாய் தரும் அழுத்தத்துக்கும் துளை தரும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு மெல்லிய உலோகப் பை உப்பும், முள் திரும்பும்.

ஆகவே தப்பு வர இரண்டு இடம் உண்டு. ஒன்று முள், அதாவது கருவி. மற்றது துளை. முள்ளின் தப்பை மேஜை மேலேயே பிடித்துவிடலாம்.

மும்பையை அடுத்த உல்லாஸ்நகரை விட்டுத் தெற்கே போனால் நேவாளியில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. முள்ளைச் சோதிக்க அந்த ஓடுதளம் தேவையில்லை, ஊருக்குள் இருக்கும் கடைகள் போதும். ஹார்டுவேர் கடையில் கொத்தனார்கள் மட்டம் பார்க்க வாங்கும் அதே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் சில மீட்டர், ஃபர்னிச்சர் பஜாரில் கழித்துப்போட்ட ஒரு பலகை, மீன் தொட்டி சாமான் விற்கும் கடையில் 'டி' வடிவ இணைப்பு ஒன்று. எதையும் அசல்போலச் செய்து 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்று போட்டுவிடுவார்கள், கேட்டால் 'உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்' என்பார்கள் என்ற பழைய கிண்டல் இந்த ஊரின் மேல் உண்டு. வேகமானி விஷயத்தில் அந்தக் கிண்டலுக்கு வேலையே இல்லை. முகப்பில் எந்த நாட்டுப் பெயர் இருந்தாலும் தண்ணீரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

குழாயை 'யு' வடிவில் வளைத்துப் பலகையில் கட்டி, பாதி அளவுக்கு வண்ணத் தண்ணீர் விடவேண்டும். ஒரு துளி சோப்புக் கரைசல் சேர்த்தால் தண்ணீர் சுவரில் ஒட்டி ஏமாற்றாது. 'டி'யின் ஒரு கிளை இந்த 'யு'வின் ஒரு வாய்க்கு, இன்னொன்று வேகமானியின் பிட்டோ வாய்க்கு. மூன்றாவது கிளையில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி அதன் மறுமுனையைக் கட்டிவிட வேண்டும். கட்டிய முனையிலிருந்து அந்த ரப்பர் குழாயை ஒரு பென்சிலில் மெதுவாகச் சுருட்டிக்கொண்டே வந்தால், உள்ளே மாட்டிய காற்று அழுந்தித் தண்ணீரையும் முள்ளையும் ஒரே அழுத்தத்தில் நகர்த்தும். தண்ணீர் 60 மி.மீ. காட்டும்போது முள் 60 நாட்டில் நிற்கவேண்டும். 106-க்கு 80 நாட். 166-க்கு 100. 240-க்கு 120. இங்கே எண்ண வேண்டியது இரண்டு கைகளிலும் உள்ள தண்ணீர் மட்டங்களின் வித்தியாசம். ஒரு பக்கம் ஏறியதை மட்டும் அளந்தால் பாதிதான் வரும், நல்ல கருவியின் மேல் வீண்பழி விழும்.

ரப்பர் குழாயைச் சுருட்டுவானேன், வாயால் ஊதினால் ஆகாதா? ஆகாது. திடகாத்திரமான ஒருவர் மூச்சைப் பிடித்து ஊதினால் ஒரு மீட்டர் தண்ணீரைக்கூடத் தூக்கிவிடலாம். அது 240 நாட்டுக்கும் மேலே. சிறு விமானத்துக் கருவிக்குள் இருக்கும் உலோகப் பை அதைத் தாங்காது.

60 நாட்டுக்கு 60 மி.மீ. என்று அமைந்தது தற்செயல். அழுத்தம் வேகத்தின் இருமடிக்கேற்ப ஏறும். வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசி. 110-லிருந்து 120 நாட்டுக்குப் போகத் தண்ணீர் சுமார் 39 மி.மீ. ஏறுகிறது, 40-லிருந்து 50-க்குப் போக 15 மி.மீ.தான். தரையிறங்கும்போது, எந்த வேகத்தில் விமானிக்கு முள் மிகத் துல்லியமாக இருக்கவேண்டுமோ அங்கேதான் அதற்குக் கிடைக்கும் அழுத்தம் மிகக் குறைவு.

அடுத்தது கசிவு. சுருட்டிய குழாயை அப்படியே பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் தண்ணீரைப் பார்த்தால் போதும், மட்டம் இறங்கினால் எங்கோ ஓட்டை. ஸ்டாட்டிக் பக்கத்துக்கு அமெரிக்க விதி ஒன்று உண்டு: உயரமானி 1,000 அடி ஏறியதாகக் காட்டும் அளவுக்குக் காற்றை உறிஞ்சி மூடிவிட்டால், ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் இறங்கக்கூடாது.

மேஜைச் சோதனையில் முழு மார்க் வாங்கிய கருவியும் விமானத்தில் ஏறியதும் தப்பாகக் காட்டலாம். காரணம் துளை. விமானத்தின் உடம்பை ஒட்டிப் போகும் காற்று சில இடங்களில் வேகம் பிடிக்கும், அங்கே அழுத்தம் குறையும். சில இடங்களில் தேங்கும், அங்கே கூடும். துளை இருக்கும் இடத்தில் அழுத்தம் கொஞ்சம் குறைந்தால், கழிக்கவேண்டியதைக் குறைவாகக் கழித்து, முள் வேகத்தைக் கூட்டிக் காட்டும். எவ்வளவு குறைந்தால்? 100 நாட்டில் 3 நாட் தப்பு வர, வெறும் 10 மி.மீ. தண்ணீர் அளவு அழுத்தம் போதும். அதே குறைவு உயரமானியில் 27 அடிதான் கூட்டிக் காட்டும், யாரும் கவனிக்கமாட்டார்கள்.

அமெரிக்காவின் வான்ஸ் நிறுவனத்து ஆர்.வி. ரக விமானங்களை ஆயிரக்கணக்கானோர் வீட்டில் கட்டிப் பறக்கிறார்கள். அவற்றில் ஸ்டாட்டிக் துளை என்பது ஒரு சாதாரண ரிவெட்டுதான். உடம்புக்கு வெளியே அரை மிளகு போலத் தலை புடைத்து நிற்கும், நடுவில் துளை. பார்க்க நன்றாக இல்லையென்று சிலர் அதை எடுத்துவிட்டுத் தகட்டோடு சமமான அழகான துளை வைத்தார்கள். முள் சில நாட் தப்பிப்போனது. அந்தப் புடைப்பின் உயரமும் வடிவமைப்பின் ஒரு பகுதி என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது. துளையே வைக்காமல் விமானி அறைக்குள்ளேயே குழாயைத் திறந்துவிடுபவர்களும் உண்டு. ஜன்னலைத் திறந்தால் ஒரு வேகம், மூடினால் ஒரு வேகம்.

துளையின் தப்பைத் தரையில் பிடிக்கவே முடியாது. பறந்துதான் பார்க்கவேண்டும். முன்பெல்லாம் தூரம் தெரிந்த இரண்டு அடையாளங்களுக்கு இடையே போய்வந்து ஸ்டாப்வாட்சில் நேரம் பார்ப்பார்கள். எதிர்க்காற்றில் 80 நாட், காற்றோடு 136 நாட் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 108. ஆனால் போய்வந்த மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் 101 கூட வராது. எதிர்க்காற்றில் அதிக நேரம் கழிவதால் வரும் வினை இது. பள்ளிக்கூடத்தில் படகுக் கணக்கு போட்டவர்களுக்குப் பழக்கமான பொறிதான், ஆனாலும் இன்றும் ஆள் விழுகிறது.

இப்போது ஜி.பி.எஸ். தரைவேகத்தை நேரடியாகத் தருகிறது. அதிகாலையில், வெயில் ஏறிக் காற்று கொதிக்கத் தொடங்குமுன், ஒரே உயரத்தில், முள் காட்டும் வேகத்தை மாற்றாமல், மூன்று வெவ்வேறு திசைகளில் பறக்கவேண்டும். காற்று பக்கவாட்டில் தள்ளினால் தள்ளட்டும், முள்ளும் உயரமும் ஆடக்கூடாது. ஒவ்வொரு திசையிலும் ஜி.பி.எஸ். காட்டும் வேகத்தையும் பாதையையும் குறித்துக்கொண்டு, இறங்கியபின் ஒரு தாளில் ஒரே புள்ளியிலிருந்து மூன்று அம்புகள் வரையவேண்டும். மூன்று அம்பு நுனிகளின் வழியாக ஒரே ஒரு வட்டம்தான் போகும். ஒன்பதாம் வகுப்பில் முக்கோணத்துக்கு வரைந்த அதே சுற்றுவட்டம். அதன் ஆரம், விமானம் காற்றில் பறந்த உண்மையான வேகம். தொடங்கிய புள்ளியிலிருந்து வட்ட மையம் எவ்வளவு நகர்ந்திருக்கிறதோ அதுதான் அன்றைக்கு அடித்த காற்று. காற்றைப் பற்றி எதுவும் தெரியாமல் தொடங்கி, காற்றையும் சேர்த்துக் கண்டுபிடித்துவிடுகிறோம். இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

அதிலும் ஒரு சூட்சுமம். ஒரே கோட்டில் அமையாத எந்த மூன்று புள்ளிகள் வழியாகவும் ஒரு வட்டம் போகும், தப்பான புள்ளிகளாக இருந்தாலும் போகும். மூன்று திசையோடு நிறுத்தினால் தப்பு நடந்ததே தெரியாது. நாலாவது திசையிலும் பறக்கவேண்டும். நாலாவது நுனியும் அதே வட்டத்தில் விழுந்தால் சரி. விலகி விழுந்தால் நடுவில் காற்று மாறியிருக்கிறது அல்லது கை ஆடியிருக்கிறது. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொரு காலை பார்த்துக்கொள்ளலாம். பெட்ரோல் செலவைப் பார்த்து மூன்றோடு நிறுத்துபவர்கள் மிச்சம் பிடிக்கிற இடம் சரியில்லை.

வட்டத்தின் ஆரம் 108 நாட் என்று வந்தது, அப்போது முள் 104 காட்டியது என்று கொள்வோம். முள் குறைத்துக் காட்டுகிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 3,000 அடியில் 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்ட அளவில் 85 சதவீதம்தான். மெலிந்த காற்று லேசாகத்தான் மோதும். 108-ஐ 0.923-ஆல் பெருக்கினால், சரியான முள் காட்டியிருக்கவேண்டிய எண் கிடைக்கும்: 100 நாட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆக முள் 4 நாட் கூட்டிக் காட்டுகிறது. மேஜைச் சோதனையில் அந்த இடத்தில் கருவியின் தப்பு 1 நாட் என்று வந்திருந்தால், மிச்சம் 3 துளையின் பங்கு. இதையே தரையிறங்கும் வேகத்திலிருந்து நீள்பயண வேகம்வரை பத்துப் பத்து நாட்டாக ஏற்றிச் செய்தால்தான் அட்டவணை நிறையும்.

நாலு நாட்டுக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். இறக்கை தாங்க மறுக்கும் வேகத்தை ஸ்டால் என்கிறோம். அதற்கு மேலே 30 சதவீத அளவு இடைவெளி விட்டுத் தரையிறங்குவது வழக்கம். ஸ்டால் 45 நாட் என்று எங்கோ அச்சிட்டதை நம்பி, கூட்டிக் காட்டும் முள்ளில் 58 வைத்து இறங்கினால், கையில் இருப்பது 54. சொந்த விமானத்தை உயரத்தில் ஸ்டால் செய்து, அதன் முள் காட்டுவதையே அடிப்படையாக எடுத்துக்கொள்பவர்கள் இதில் ஓரளவு தப்பிப்பார்கள், தப்பு இரண்டு பக்கமும் சேர்ந்தே வருவதால். ஓரளவுதான், ஏனென்றால் ஸ்டாலில் மூக்கு தூக்கி நிற்கும், பிட்டோ குழாய்க்குள் காற்று சாய்வாக வரும், அங்கே தப்பின் அளவே வேறு. உச்ச வேகத்தில் ஆபத்து தலைகீழ்: முள் குறைத்துக் காட்டினால் விமானி எல்லையைத் தாண்டியிருப்பார், இறக்கை உதறத் தொடங்கிய பிறகு தெரிந்து பயனில்லை.

இதெல்லாம் துளை திறந்திருக்கும்போது. அடைத்துக்கொண்டால் பெரிய விமானங்களுக்கே கதி கெடும். 1996 பிப்ரவரியில் டொமினிகன் குடியரசிலிருந்து கிளம்பிய பிர்கென்ஏர் விமானத்தில் ஏற ஏற விமானியின் வேகமானியும் ஏறிக்கொண்டே போனது. அடைபட்ட பிட்டோ குழாய் உயரமானிபோல நடந்துகொண்டது. பிட்டோவில் குளவி கூடு கட்டியிருக்கலாம் என்பது விசாரணையின் ஊகம். 189 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பெருவில், விமானத்தைக் கழுவியவர்கள் ஸ்டாட்டிக் துளைகளின் மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்துபோனார்கள். அதில் 70 பேர். நம் ஊர்க் குளவிக்குச் சாவித் துவாரமே போதும், ஒரு மத்தியானத்தில் மண் வைத்து மூடிவிடும். நிறுத்திய விமானத்தின் பிட்டோவுக்குச் சிவப்பு நாடா தொங்கும் உறை மாட்டுவது அதற்காகத்தான். அந்த உறையையே கழற்றாமல் 2018 ஜூலையில் பிரிஸ்பேனிலிருந்து ஒரு பெரிய ஏர்பஸ் கிளம்பிப்போய், பத்திரமாகத் திரும்பி இறங்கியது.

சோதனை முடிந்ததும் எண்களை ஒரு சிறு அட்டையில் எழுதி வேகமானிக்குக் கீழே ஒட்டிவிடுவார்கள்: முள் இவ்வளவு காட்டினால் உண்மையில் இவ்வளவு. துளைக்கு முன்னால் புதிதாக ஓர் ஆன்டெனா வைத்தாலோ, கதவை மாற்றினாலோ, துளையைச் சுற்றித் தடிமனாகப் பெயின்ட் அடித்தாலோ அந்த அட்டை செல்லாது. தண்ணீர்க் குழாயை மறுபடி எடுக்கவேண்டியதில்லை, கருவி மாறவில்லையே. நாலு திசை மட்டும் திரும்பப் பறக்கவேண்டும்.